மூலிகைத் தேநீர்க் கலவை விற்கத் தொடங்குவது: பத்துக் கலவை வேண்டுமா, மூன்று போதுமா?

மார்ச் 2 | வடிகட்டி
புதினா, எலுமிச்சைப்புல், இஞ்சி, ரோஜா இதழ், சீமைச் சாமந்தி, இன்னும் சில பொருள்களை வைத்துப் பத்துக் கலவைகள் தயார். 50 கிராம் பொட்டலமாகப் போட்டு வீட்டிலிருந்தே விற்கத் திட்டம். இலைகளை ஓவனில் 60 டிகிரியில் உலர்த்துகிறேன். கையில் நொறுங்கினால் காய்ந்தது என்று கணக்கு. பெயர், உறை, இணையப் பக்கம் மூன்றில் எதை முதலில் முடிப்பது?

மார்ச் 2 | இலைக்காம்பு
மூன்றையும் தள்ளி வையுங்கள். 60 டிகிரி புதினாவுக்கு அதிகம். அதன் மணம் ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது. உலர்த்தும்போது அறை முழுக்க மணந்தால் அந்த மணம் இலையைவிட்டுப் போகிறது என்று பொருள். இலையும் பூவும் 35 முதல் 40 டிகிரி. இஞ்சி, வேர், ஆரஞ்சுத் தோல் போன்றவை 50 முதல் 55 டிகிரி தாங்கும். இஞ்சியை 2–3 மி.மீ. வில்லைகளாக ஒரே கனத்தில் சீவுங்கள். கனம் மாறினால் மெல்லியது கருகும், தடித்தது உள்ளே ஈரமாக நிற்கும். எடுத்த எடுப்பிலேயே அதிகச் சூடு கொடுத்தால் மேல்தோல் இறுகி உள்ளீரம் வெளியே வர வழியில்லாமல் போகும். அப்படிப்பட்ட துண்டு தட்டினால் கல்போல ஓசை தரும், பத்து நாளில் பூசணம் பிடிக்கும்.

நொறுங்கினால் போதும் என்பதும் சரியில்லை. இலைப்பரப்பு முதலில் நொறுங்கும், காம்பு கடைசியில்தான் காயும். காம்பை வளையுங்கள். வளைந்தால் ஈரம், டக்கென்று ஒடிந்தால் சரி.

மார்ச் 2 | தராசுமுள்
காம்பு ஒடிவது முதல் சோதனை. விற்கும் பொருளுக்கு எண் வேண்டும்.

மூடி இறுகும் கண்ணாடிச் சாடியில் முக்கால் பங்கு உலர்ந்த இலை. உள்ளே ஒரு சிறிய ஈரப்பதமானி. மூடி, வெயில் படாத இடத்தில் 24 மணி நேரம். இலையும் சாடிக்குள் உள்ள காற்றும் சமநிலைக்கு வந்தபின் மானி காட்டும் சதவீதத்தை 100ஆல் வகுத்தால் வருவது நீர்ச் செயல்பாடு, அதாவது கிருமிக்கு எட்டும் நீரின் அளவுகோல். 0.60க்குக் கீழே பூசணமோ பாக்டீரியாவோ வளராது. மலிவான மானிகள் 3 முதல் 5 புள்ளி வரை தப்பாகக் காட்டுவதால் 60ஐ இலக்காக வைக்கக் கூடாது. 50 அல்லது அதற்குக் கீழே வந்தால்தான் அந்த உலர்த்தலை ஏற்க வேண்டும். 50க்கு மேல் போனால் திரும்ப உலர்த்தியில்.

மானியைச் சரிபார்க்க: ஒரு மூடியில் உப்பு போட்டு, ஈர மணல் பதத்துக்கு வருமளவு மட்டும் தண்ணீர். உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. அதையும் மானியையும் ஒன்றையொன்று தொடாமல் காற்றுப்புகாத டப்பாவில் எட்டு மணி நேரம் வைத்தால் 75 காட்ட வேண்டும். 79 காட்டினால் உங்கள் மானி 4 கூட்டிக் காட்டுகிறது. அந்த வித்தியாசத்தை மானியின் முதுகில் எழுதி ஒட்டுங்கள்.

மார்ச் 3 | வடிகட்டி
40 டிகிரியில் வைத்தால் ஒரு நாள் தாண்டியும் இலை துவண்டே கிடக்கிறது. மழைக்காலம் வேறு. இதற்கு 60 தேவலையே?

மார்ச் 3 | இலைக்காம்பு
வெப்பத்தை ஏற்றாதீர்கள், காற்றை ஏற்றுங்கள். மூடிய ஓவனுக்குள் ஈரக்காற்று அங்கேயே சுற்றினால் 40 டிகிரி என்ன, 50 டிகிரியும் உதவாது. மின்விசிறி உள்ள தட்டு உலர்த்தி, ஈரக்காற்று வெளியேற வழி, இலை ஒன்றன்மேல் ஒன்று படாமல் ஒரே அடுக்கு. வெளிக்காற்றே ஈரமாக இருக்கும் நாளில் 42 வரை ஏற்றலாம். துவண்ட இலை ஒரு நாளுக்கு மேல் அப்படியே கிடப்பது சூட்டைவிடப் பெரிய கேடு. அந்த இடைவெளியில்தான் பூசணம் வேர் பிடிக்கிறது. நேர்வெயில் வேண்டாம். நிறம் வெளுக்கும், தூசும் ஈயும் வரும்.

பறிக்கும் நேரம்: பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறும் முன். புதினா, துளசி வகைகளைப் பூ விடுமுன் பறித்தால் மணம் நிறைந்திருக்கும். கழுவுவதானால் பச்சையாக இருக்கும்போதே கழுவி, சுழற்றி, மேல்நீரைத் துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். காய்ந்ததைக் கழுவக் கூடாது. உலர்த்துவது கிருமியைக் கொல்லாது, வளரவிடாமல் நிறுத்திவைக்கும், அவ்வளவுதான். சால்மோனெல்லா உலர்ந்த பொருளில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே சுத்தம் தோட்டத்திலும் கழுவும் தொட்டியிலும் தொடங்க வேண்டும்.

மார்ச் 3 | தராசுமுள்
எவ்வளவு பச்சை இலை வாங்கினால் எவ்வளவு தேறும் என்ற கணக்கு விலைக்கு அடிப்படை. 1 கிலோ பச்சை இலையில் 82 சதவீதம் நீர் என்று வையுங்கள். மிச்சம் 180 கிராம் திடப்பொருள். 10 சதவீத ஈரத்தில் நிறுத்தினால் 180 ÷ 0.9 = 200 கிராம். தட்டிலிருந்து எடுக்கும்போது 240 கிராம் நின்றால் அதில் 60 கிராம் நீர், அதாவது 25 சதவீதம் ஈரம். கையில் பாதி இலை நொறுங்கினாலும் எடை உண்மையைச் சொல்லிவிடும். தட்டை உள்ளே வைக்கும்போதும் எடுக்கும்போதும் நிறுத்து எழுதுங்கள்.

திடப்பொருள் அளவு தெரிய 20 கிராம் மாதிரியை 105 டிகிரியில் எடை குறையாத வரை வைத்துப் பார்க்கலாம்.

மார்ச் 4 | மூடிசாடி
105 டிகிரி சோதனைக்கு ஒரு திருத்தம். வாசனை இலைகளில் நீரோடு எண்ணெயும் போய்விடும். எண்ணெய் போன எடையும் ஈரம் என்றே கணக்காகி, விடை கொஞ்சம் கூடுதலாக வரும். வேருக்கும் தோலுக்கும் அந்த முறை ஒத்துவரும். புதினாவுக்குச் சாடி முறையையே நம்புங்கள்.

மார்ச் 5 | வடிகட்டி
உலர்த்துவது பற்றிச் சொல்லிவிட்டீர்கள். பத்துக் கலவை என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

மார்ச் 5 | தராசுமுள்
மூன்று. பத்துக் கலவைக்கு ஏறக்குறைய 25 மூலப்பொருள் தேவைப்படும். ஒவ்வொன்றுக்கும் தனிச் சாடி, தனித் தொகுதி எண் (ஒரே தடவையில் வந்த அல்லது கலந்த சரக்கின் அடையாள எண்), தனிக் காலாவதி. மெதுவாகப் போகும் கலவை ஒன்றுக்காக வாங்கிய ரோஜா இதழ் மணம் போய் வெளுத்து நிற்கும். 7 அல்லது 8 மூலப்பொருளை வைத்து மூன்று கலவை செய்தால் எதுவும் தேங்காது. ஒன்று குளிர்ச்சியான மணம், ஒன்று காரம், ஒன்று புளிப்பு. வாங்குபவர் கேட்பதும் பெரும்பாலும் இந்த மூன்று திசையில்தான்.

மார்ச் 5 | இலைக்காம்பு
கலவை அமைப்பதற்கு ஒரு நடைமுறை: நூறு பங்கில் அடிப்படை இலை 60–70 பங்கு, சுவைக்குக் கனம் கொடுப்பது 20–30, தூக்கிக் காட்டும் மணம் 5–10. எடையால் கணக்கு, கரண்டியால் அல்ல. ஒரு கரண்டி சீமைச் சாமந்தியும் ஒரு கரண்டி இஞ்சித் துண்டும் எடையில் பல மடங்கு வேறு. முதலில் ஒவ்வொரு மூலிகையையும் தனியாக 2 கிராம், 200 மி.லி. கொதிநீர், மூடி, 7 நிமிடம். அதைக் குடித்துப் பார்க்காமல் கலக்கக் கூடாது. பிறகு 20 கிராம் மட்டும் கலந்து, ஒரு வாரம் மூடிவைத்துத் திரும்பக் குடிக்க வேண்டும். மணங்கள் ஒன்றோடொன்று ஏறும். ஏலக்காயும் கிராம்பும் அருகில் உள்ள இலையை முழுக்கத் தன் வசமாக்கிவிடும். கலந்த அன்று சரியாக இருந்த அளவு, வாரம் கழித்து மிஞ்சும்.

புளிச்சை ரகமான ரோசெல்லை 15–20 பங்குக்கு மேல் போடாதீர்கள். மற்றதெல்லாம் காணாமல் போகும். அதோடு பால் சேர்ப்பவர் கோப்பையில் பால் திரியும், அதை உறையில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

மார்ச் 6 | தராசுமுள்
இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள், ஆகவே கொஞ்சம் நீளமாக.

கலவையில் இஞ்சி 12 பங்கு என்று வையுங்கள். ஒரு கோப்பைக்கு 2 கிராம் என்றால் இஞ்சி 0.24 கிராம். 5 மி.மீ. கட்டியாக நறுக்கிய காய்ந்த இஞ்சி ஒன்று சுமார் 0.08 கிராம். ஆக, கோப்பைக்கு மூன்று துண்டு. மூன்று என்பது சராசரி. ஒரு கோப்பைக்கு ஒன்று விழும், அடுத்ததற்கு ஐந்து விழும். முதல் கோப்பை சப்பென்று இருக்கும், இரண்டாவது தொண்டையைப் பிடிக்கும். வாங்கியவர் கலவையே மோசம் என்பார். பக்க அளவைப் பாதியாக்கி 2.5 மி.மீ. ஆக்கினால் ஒவ்வொரு கட்டியும் எட்டாகும், ஒன்று 0.01 கிராம். இப்போது கோப்பைக்கு 24 துண்டு. மூன்று நான்கு கூடினாலும் குறைந்தாலும் நாக்குக்குத் தெரியாது. செய்முறையை மாற்றாமல், வெட்டும் அளவை மட்டும் மாற்றி இந்தக் குறையைத் தீர்க்கலாம்.

அடுத்தது பிரிதல். சிறிய, கனமான துணுக்கு அடியில் இறங்கும். பெரிய, லேசான இதழ் மேலே மிதக்கும். கூரியர் வண்டியின் ஆட்டமே போதும். எல்லா மூலிகையையும் ஒரே சல்லடை இடைவெளியில் வருமாறு வெட்டுங்கள். அடியில் விழும் தூளைத் தனியே எடுத்து வைத்துப் பைத்தேநீருக்குப் பயன்படுத்தலாம், கலவையில் திருப்பிக் கொட்டாதீர்கள்.

சரிபார்க்க: 1 கிலோ கலந்தபின் மேல், நடு, அடி மூன்று இடத்தில் 10 கிராம் எடுத்து, இஞ்சியைக் கையால் பொறுக்கி நிறுங்கள். மூன்றிலும் 1.2 கிராமுக்கு அருகில் வர வேண்டும். மேலே 0.7, அடியில் 1.9 என்றால் கலக்கல் போதவில்லை அல்லது வெட்டு ஒத்துவரவில்லை.

மார்ச் 6 | வடிகட்டி
உலர்ந்த ஆப்பிள் துண்டு சேர்த்த கலவை ஒன்று உண்டு. கலந்தபோது மொறுமொறுவென்று இருந்த புதினா, இரண்டு வாரத்தில் தோல்போல் ஆகிவிட்டது. உறை ஒழுகவில்லை.

மார்ச் 6 | மூடிசாடி
உறையில் குற்றமில்லை, ஆப்பிளில்தான். கடையில் விற்கும் மெத்தென்ற உலர்பழம் தின்பதற்கு ஏற்ற பதம். அதற்குள் உள்ள ஈரம் பக்கத்து இலைக்குப் போய், இரண்டின் நீர்ச் செயல்பாடும் சமமாகும் வரை நகரும். தனித்தனியாகச் சோதித்தால் புதினா சரியென்றே காட்டும். ஆகவே ஒவ்வொரு பொருளும் தனியாகச் சாடி மானியில் 50க்குக் கீழே வந்தபிறகே கலக்க வேண்டும். பழம் வேண்டுமென்றால் ஒடிகிற பதம் வரை உலர்த்துங்கள், இல்லாவிட்டால் உறைகுளிரில் உலர்த்திய பழம் வாங்குங்கள். ரோசெல்லும் காற்றில் ஈரம் இழுக்கும். அதைத் திறந்து நிறுப்பதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 8 | வடிகட்டி
மூலிகைகளை மொத்த வியாபாரியிடம் வாங்கலாமா? எல்லாவற்றையும் வளர்க்க முடியாது.

மார்ச் 8 | மூடிசாடி
வாங்கலாம். ஆனால் பில்லில் தாவரவியல் பெயர் இருக்க வேண்டும். அன்னாசிப்பூவையே பாருங்கள். உண்ணத்தக்கது இல்லிசியம் வேரம். அதேபோல் தோற்றமளிக்கும் இல்லிசியம் அனிசேட்டம் நஞ்சு, வலிப்பு வரும். காய்ந்தபின் கண்ணால் பிரிக்க முடியாது. 2001ல் நெதர்லாந்தில் இந்தக் கலப்படத்தால் மூலிகைத் தேநீர் குடித்தவர்கள் பாதிக்கப்பட்டார்கள். 2003ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அன்னாசிப்பூ தேநீர் குறித்து எச்சரிக்கை வெளியிட்டது. சோதனைச் சான்று இல்லாமல் அன்னாசிப்பூவைத் தொடவே வேண்டாம்.

பட்டையிலும் அப்படியே. காசியா பட்டையில் கூமரின் (அதிகமானால் கல்லீரலைக் கெடுக்கும் பொருள்) கூடுதல், இலங்கைச் சுருள் பட்டையில் மிகக் குறைவு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் அளவு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம். தினமும் பல கோப்பை குடிப்பவர் உண்டு, ஆகவே சுருள் பட்டையே மேல்.

களை இன்னொரு தொல்லை. வயலில் மூலிகையோடு சேர்ந்து அறுபடும் சில களைகளில் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற கல்லீரல் நஞ்சு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2020/2040 விதியில் உலர்ந்த மூலிகைத் தேநீருக்குப் பொதுவாகக் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், புதினா, சீமைச் சாமந்தி போன்ற சிலவற்றுக்கு 400 என்று உச்சவரம்பு வைத்தது. அங்கே விற்காவிட்டாலும், வியாபாரியிடம் அந்தச் சோதனை இருக்கிறதா என்று கேட்கலாம். அந்தப் பெயரே கேள்விப்படாத வியாபாரியை விட்டுவிடுங்கள்.

மார்ச் 8 | இலைக்காம்பு
வாங்கிய மூட்டையில் வண்டும் அந்தும் முட்டையாக வந்து சேரும். கண்ணுக்குத் தெரியாது. வந்தவுடன் காற்றுப்புகாத பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம். வெளியே எடுத்தபின் பை அறைச் சூட்டுக்கு வரும் வரை திறக்கக் கூடாது. குளிர்ந்த இலையைத் திறந்தால் காற்றிலுள்ள ஈரம் முழுக்க அதன்மேல் படியும். அவ்வளவு பாடுபட்டு உலர்த்தியது ஒரு நிமிடத்தில் வீணாகும்.

இது பூச்சிக்கு மட்டும். கிருமிக்குக் குளிர் மருந்தல்ல.

மார்ச் 9 | வடிகட்டி
உறையில் 'சளி தீரும், சர்க்கரை குறையும், நன்றாகத் தூக்கம் வரும்' என்று போடலாம் என்றிருந்தேன்.

மார்ச் 9 | மூடிசாடி
எதையும் போடாதீர்கள். நோய் தீரும் என்று எழுதிய கணமே பெரும்பாலான நாடுகளின் சட்டத்தில் அது உணவு அல்ல, மருந்து. அதற்கு உரிமம் வேறு, சோதனை வேறு. நன்மை பற்றிய லேசான வாசகத்துக்கும் ஐரோப்பாவில் 1924/2006 விதி குறுக்கே நிற்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு உங்கள் தேநீரைக் குடிக்கும் ஒருவர் எங்கோ இருப்பார். சுவையை எழுதுங்கள்: காரமானது, புளிப்பானது, காஃபின் இல்லாதது. காஃபின் இல்லை என்பதும் தேயிலையோ, மாத்தே என்ற தென் அமெரிக்க இலையோ கலக்காதபோது மட்டும்.

எழுத வேண்டியது: எடையில் இறங்குமுக வரிசையில் மூலப்பொருள், நிகர எடை, தொகுதி எண், எப்போதுவரை நல்லது, தயாரித்தவர் முகவரி, தயாரிக்கும் முறை. ஒவ்வாமை உண்டாக்கும் பொருள்களைத் தடித்த எழுத்தில். சீமைச் சாமந்தி, சாமந்திக் குடும்பப் பூக்களுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது. அதிமதுரம் தொடர்ந்து குடித்தால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். அதைப் போடுவதானால் எச்சரிக்கை வரி கட்டாயம். முதல் மூன்று கலவைகளில் அதிமதுரம், நிலாவரை இரண்டையும் தவிர்ப்பதே நல்லது. நிலாவரை பேதி மருந்து, அதற்குத் தேநீர்க் கலவையில் இடமே இல்லை.

மார்ச் 10 | இலைக்காம்பு
சங்குப்பூவையும் யோசித்துவிட்டுப் போடுங்கள். நீல நிறம் படத்தில் அழகாக வரும், எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும். அமெரிக்காவில் 2021ல் அதன் சாற்றுக்கு உணவு நிறமியாக அனுமதி கிடைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ பாதுகாப்பு ஆட்சேபம் எழுந்தது. ஒரு நாட்டில் கடைக்குக் கடை விற்கும் பூ இன்னொரு நாட்டில் உணவுப் பட்டியலிலேயே இருக்காது. விற்கும் இடத்தின் உணவுத் துறையிடம் மூலப்பொருள் பட்டியலைக் கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வீட்டுச் சமையலறையில் தயாரிக்கலாமா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம்.

மார்ச் 11 | மூடிசாடி
உறை. வெறும் பழுப்புக் காகிதப் பை ஈரத்தையும் மணத்தையும் தடுக்காது. உள்ளே அலுமினியமோ தடுப்புப் படலமோ ஒட்டியது வேண்டும், வெப்பத்தில் ஒட்டும் விளிம்பு வேண்டும், பிறகுதான் ஜிப். ஜிப் மட்டும் போதாது. ஜன்னல் வைத்த உறை வேண்டாம், கடை வெளிச்சத்தில் இலை வைக்கோல் நிறமாகும், ரோசெல் மங்கும். ஒட்டியபின் பையைத் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள், குமிழி வந்தால் இடையில் ஒரு துணுக்கு சிக்கியிருக்கிறது. நிரப்பும்போது புனல் வைத்தால் விளிம்பில் தூள் படாது.

அளவும் கவனம். 50 கிராம் சீமைச் சாமந்திக்குச் சுமார் அரை லிட்டர் இடம் வேண்டும். அதே 50 கிராம் இஞ்சித் துண்டு ஒரு சின்னக் கிண்ணத்தில் அடங்கும். ஒரே உறையை எல்லாவற்றுக்கும் வாங்கிவிட்டால் ஒன்று வெடிக்கும், ஒன்று காலியாகத் தெரியும். ஒரே எடை வேண்டியதில்லை, 30 கிராம் பூக்கலவை, 60 கிராம் வேர்க்கலவை என்று வைக்கலாம்.

மார்ச் 11 | வடிகட்டி
கோப்பையில் முக்கும் தேநீர்ப் பையில் போட்டு விற்றால்?

மார்ச் 11 | மூடிசாடி
ஆரம்பத்தில் வேண்டாம். நைலான் பிரமிடுப் பைகள் சூட்டில் நுண்பிளாஸ்டிக் விடுவதை 2019ல் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. வெப்பத்தில் ஒட்டும் காகிதப் பைகளிலும் பெரும்பாலும் பிளாஸ்டிக் இழை கலந்திருக்கும். சோளமாவுப் பிளாஸ்டிக் தொழிற்கூட உரக்குழியில்தான் மட்கும், வீட்டுக் குழியில் அப்படியே கிடக்கும். 'மக்கும் பை' என்று அச்சிடுமுன் இதைப் பாருங்கள். மடித்துக் கட்டும் பஞ்சுப் பை இருக்கிறது, ஆனால் கைவேலை பலமடங்கு.

மார்ச் 13 | தராசுமுள்
விலை. மூலப்பொருளை இரண்டால் பெருக்கி விலை வைப்பவர்கள் ஆறு மாதத்தில் நிறுத்திவிடுகிறார்கள். சேர்க்க வேண்டியவை: வீணாகும் தூளும் சிந்தலும் (4 சதவீதம் வைக்கலாம்), உறை, அச்சு, உலர்த்தி மின்சாரம், ஆய்வகச் சோதனை, தொகுதிக்கு ஒன்றாக எடுத்துவைக்கும் மாதிரி, உங்கள் கூலி. நிறுத்து, நிரப்பி, ஒட்டி, லேபிள் ஒட்ட ஒரு பொட்டலத்துக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். சின்ன அளவில் தயாரிக்கும்போது கூலியே மூலப்பொருளைத் தாண்டும். இவ்வளவும் கூட்டி வருவதுதான் அடக்கம். கடைக்குக் கொடுத்தால் அவர்கள் பங்கு போக மிஞ்சுவது அடக்கத்துக்கு மேலே நிற்க வேண்டும். நேரடி விற்பனைக்கு ஒரு விலை, கடைக்கு இன்னொரு விலை என்று முதல் நாளே முடிவு செய்யாவிட்டால் பின்னால் ஏற்ற முடியாது.

விற்பனைக்கான தராசு அரசு முத்திரை பெற்றதாக இருக்க வேண்டும். சமையலறைத் தராசு கலக்கச் சோதிக்க மட்டும்.

மார்ச் 14 | தராசுமுள்
நேற்று விட்டது: பதிவேடு. ஒரு நோட்டுப் போதும். மூலப்பொருள் வந்த நாள், யாரிடம், அவர்கள் தொகுதி எண், எடை, சாடியில் மானி காட்டிய எண். கலந்த நாளில் எந்த மூட்டையிலிருந்து எத்தனை கிராம், என்ன தொகுதி எண் கொடுத்தீர்கள், எத்தனை பொட்டலம், யார் யாருக்குப் போனது. 2002–2003ல் ஜெர்மனியில் கைக்குழந்தைகளுக்கு வந்த சால்மோனெல்லா தொற்றின் வேர், தேநீரில் கலந்த, சோம்பு போன்ற அனிஸ் விதை என்று கண்டுபிடித்தார்கள். ஒரே ஒரு மூலப்பொருள், பல தயாரிப்புகள். 'இந்த இஞ்சி மூட்டை எந்தெந்தப் பொட்டலத்தில் போயிற்று' என்று ஒருவர் கேட்டால் ஒரு மணி நேரத்தில் பட்டியல் எடுக்க முடிகிறதா என்று, விற்கத் தொடங்குமுன் ஒருமுறை செய்து பாருங்கள்.

முதல் தொகுதியை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்: மொத்த நுண்ணுயிர், ஈஸ்ட்–பூசணம், ஈ.கோலை, 25 கிராமில் சால்மோனெல்லா. வாங்கும் வேர்களுக்குக் கன உலோகமும். வியாபாரி மாறினால் மறுபடியும்.

மார்ச் 16 | வடிகட்டி
மூன்று கலவை என்று குறைத்துவிட்டேன்: புதினா–எலுமிச்சைப்புல், இஞ்சி–ஏலம்–ஆரஞ்சுத் தோல், ரோசெல்–ரோஜா. கடைசியாக ஒன்று. ரோசெல் கலவையை 'இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறவைக்கவும்' என்று போட்டால் கோடையில் நன்றாகப் போகும் அல்லவா?

மார்ச் 16 | மூடிசாடி
போகும், ஆனால் அந்த வரியைப் போடாதீர்கள். உலர்ந்த மூலிகையில் உயிரோடு இருக்கும் கிருமியை அடக்குவது வாடிக்கையாளர் ஊற்றும் கொதிநீர்தான். குளிர்ந்த நீர் அந்தக் கடைசிக் காவலை எடுத்துவிட்டு, இரவு முழுக்க வளர நேரமும் கொடுக்கிறது. கோடைக்கு இப்படி எழுதுங்கள்: '4 கிராம், 200 மி.லி. கொதிக்கும் நீர், மூடி 8 நிமிடம், வடிகட்டி, மேலே 200 மி.லி. அளவு பனிக்கட்டி. மிச்சத்தை உடனே குளிர்பெட்டியில் வைத்து அன்றே குடிக்கவும்.' இரட்டைச் செறிவில் இறங்குவதால் பனிக்கட்டி உருகினாலும் சுவை நீர்க்காது. அறைச்சூட்டில் இரண்டு மணி நேரம் நின்ற தேநீரைக் கொட்டிவிடச் சொல்லி ஒரு வரி. சில வித்துக்கிருமிகள் கொதிநீரையும் தாங்கி, ஆறியபின் முளைக்கும்.

மார்ச் 16 | இலைக்காம்பு
'கொதிக்கும் நீர்' என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். 'வெந்நீர்' என்று போட்டால் குழாயில் வரும் சூட்டோடு நிறுத்திக்கொள்வார்கள்.